முத்தைத் தூக்கிய கயிறு

மன்னாரின் அரிப்புக் கடற்கரையில் இடிந்து நிற்கும் அல்லிராணிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் முத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். ஊரார் வைத்த பெயர்தான் அல்லிராணி. கட்டியவர் ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த். முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்க 1801-க்கும் 1804-க்கும் இடையில் எழுப்பிய மாளிகை அது. செங்கல்லையும் சாந்தையும் உப்புக்காற்று தின்றுவிட்டது. அடியைக் கடல் தின்கிறது. அங்கே நின்று மேற்கே பார்த்தால் வெறும் நீர்தான் தெரியும். அந்த நீரின் கீழே முத்துச் சிப்பி விளைந்த பார்கள் கிடக்கின்றன. ஈராயிரம் ஆண்டுகளாக உலகம் இந்தக் கரையைத் தேடி வந்தது அந்தப் பார்களுக்காகத்தான்.

எனக்கு அங்கே நிற்கும்போதெல்லாம் கயிறு நினைவுக்கு வரும்.

ரொபேட் பெர்சிவல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1803-இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கொண்டச்சிக் குடாவில் நடந்த குளிப்பை அதில் விரிவாக எழுதியிருக்கிறார். இரவு பத்து மணியளவில் பீரங்கி வெடிக்கும். தரைக்காற்றில் தோணிகள் புறப்படும். விடிந்து வெயில் ஏறியதும் வேலை தொடங்கும். தோணிக்குப் பத்துக் குளியாட்கள், ஐந்து கற்கள். ஐவர் இறங்கும்போது ஐவர் இளைப்பாறுவர். தண்டு வலிக்கும் மற்றப் பத்துப் பேரும் குளியாட்களைத் தூக்கிவிடும் வேலையில் நிற்பர். இறங்குகிறவர், கல் கட்டிய கயிற்றை வலது கால்விரல்களால் பற்றிக்கொள்வார். இடது கால்விரல்களில் வலைப்பை. ஒரு கை மூக்கைப் பொத்தியிருக்கும். மறு கை இன்னொரு கயிற்றைப் பிடித்திருக்கும். கல் அவரை அடிக்குக் கொண்டுபோகும். அடி தொட்டதும் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிப்பியை அள்ளுவார். மூச்சு முட்டும்போது கைக்கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே இருப்பவர் இழுப்பார்.

ஐந்து பாகம், எட்டு பாகம், சில வேளை பத்துப் பாகம் ஆழம். ஒரு நிமிடம், கொஞ்சம் கூடினால் ஒன்றரை. அந்த ஆழத்துக்கும் அந்த நிமிடத்துக்கும் நடுவே ஒரு மனிதனுக்கும் காற்றுக்கும் இருந்த ஒரே தொடர்பு, யாரோ ஒருவர் தும்பிலிருந்து திரித்த கயிறு. கயிறு நைந்திருந்தால், முறுக்கு விட்டிருந்தால், சுண்டியது மேலே தெரியாது. சுறாவுக்குப் பயந்தவர்கள் கரையில் மந்திரம் ஓதுபவரை வைத்திருந்தார்கள். அவருக்குக் கடற்கட்டி என்று பெயர். 1859-இல் வெளிவந்த தன் நூலில் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனென்ட் அந்தப் பெயரைத் தமிழ் ஒலியோடே பதிந்திருக்கிறார். சுறாவின் வாயைக் கட்டுபவர். ஆங்கிலேய அரசு அவருக்குக் கூலியும் கொடுத்தது. கயிற்றைத் திரித்தவருக்கு எவ்வளவு கொடுத்தது, அவர் எந்த ஊர், என்ன பேர் என்று நான் புரட்டிய எந்த ஏட்டிலும் காணவில்லை. சிப்பி எத்தனை கோடி, ஏலத்தில் எத்தனை ரூபாய் என்றெல்லாம் ஆண்டு வாரியாகக் கணக்கு இருக்கிறது.

அந்தக் கயிற்றைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் கையால் கயிறு திரிக்கும் அறிவு இன்னும் சில கைகளில் மிஞ்சியிருக்கிறது. சில கைகள் என்றால் சில கைகள்தான்.

மட்டையிலே கிடக்கிற நார்

பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்தால் தலைமன்னார் வரை பனை கூடவே வரும். மணலும் காற்றும் உவர்நீரும் சேர்ந்து மற்ற மரங்களை விரட்டிய இடத்திலும் பனை நிற்கும். கும்பகோணத்துப் புலவர் அருணாசலம் பாடிய தாலவிலாசம் பனைக்கு 801 பயன் சொல்கிறது என்பார்கள். அதில் எத்தனை கட்டுவதற்கும் இழுப்பதற்கும் தொங்கவிடுவதற்கும் ஆனவை என்று யாரும் தனியே எண்ணிச் சொன்னதில்லை. எண்ணினால் பெரிய பங்கு அங்கே விழும் என்பது என் துணிபு.

பனையில் கயிறாகக்கூடியவை இரண்டு. ஒன்று நார், மற்றது தும்பு. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு, வேறு வேறு. வடலியின் அடியில் மட்டை தண்டைக் கவ்விப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் முரட்டு இழைதான் தும்பு. அதை வெட்டி எடுத்துக் கொட்டாப்புளியால் அடித்து, ஆணிப் பலகையில் வாரி எடுப்பார்கள். தூரிகைக்கும் தும்புத்தடிக்கும் போகும் சரக்கு இது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, அங்கே தெருக் கூட்டும் தூரிகைகளாக மாறியது. 1978-இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபைக்கும் தும்பு முக்கியமான சரக்காக இருந்துவந்திருக்கிறது.

நார் வேறு விதம். அதற்குப் பச்சை மட்டை வேண்டும். மட்டையின் இரு விளிம்பிலும் அரிவாள் பல் போல ஓடும் கருக்கைச் சீவி எறிந்துவிட்டு, மட்டையின் தோலைக் கத்தி நுனியால் ஒரு விரல் அகலத்துக்குக் கிளப்பி, பிறகு கத்தியை வைத்துவிட்டுக் கையாலேயே இழுத்து உரிக்கவேண்டும். நுனியிலிருந்து அடி வரைக்கும் ஒரே வீச்சில் வந்தால் நல்ல நார். நடுவில் சிம்பு பிரிந்து மெலிந்தால் அது கடகத்துக்குக்கூட ஆகாது. உரித்ததன் உள்முகத்தில் ஒட்டியிருக்கும் சோற்றைச் சுரண்டிவிட்டு, வெயிலில் வாட்டிக் கட்டி வைத்துக்கொள்ளலாம். வேலைக்கு எடுக்கும்போது இரவு முழுக்கத் தண்ணீரில் கிடக்கவேண்டும்.

நான் இதைப் பார்த்தது என் அம்மம்மாவின் வளவில். கடகத்தின் வாய்க்கு நார் கட்டுவது, சுளகின் விளிம்பைப் பிணைப்பது, உறி கட்டுவது எல்லாம் அவரின் மாலை நேர வேலை. பேசிக்கொண்டே செய்வார். நான் அவசரப்பட்டுக் காய்ந்த நாரை முறுக்கியபோது அது சடக்கென்று முறிந்தது. "ஈரம் விட்டால் நார் கோவிச்சுப்போடும் மகன். நனைச்சுப்போட்டு எடு" என்றார். நாரைப் பற்றி அவர் எப்போதும் ஆளைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினார்.

பனை ஏறுபவரின் தளைநார் இந்த நாரில்தான் செய்யப்பட்டது. இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து மரத்தோடு அணைக்கும் அந்த வளையம் பல மட்டை நாரைச் சேர்த்து முறுக்கிக் கட்டியது. ஒரு மனிதனின் முழுப் பாரத்தையும் ஒரு நாளைக்குப் பல மரங்களில் காலையும் மாலையும் தாங்கவேண்டும். பனையிலிருந்து எடுத்த நாரை நம்பித்தான் பனையில் ஏறினார்கள். புதுத் தளைநார் காலுக்குப் பழக நாள் எடுக்கும். நைந்தது எப்போது கைவிடும் என்பதைக் கால் கண்டுபிடிக்கும்.

வேலி அடைப்பதையும் சொல்லவேண்டும். குத்தூசியின் காதில் கட்டுக்கயிற்றைக் கோத்து வெளியே நிற்பவர் ஓலைக்குள்ளால் குத்துவார். உள்ளே நிற்பவர் கயிற்றை வாங்கி, வரிச்சுத் தடியைச் சுற்றித் திருப்பிக் கொடுப்பார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள். "விட்டாச்சு", "இழு" என்ற குரல் மட்டும் வேலிக்குள்ளால் போய் வரும். வேலி அடைக்கிற நாளில் இரண்டு வீட்டுக் கதையும் அந்தக் குத்தூசியோடு சேர்ந்து உள்ளும் வெளியுமாய் ஓடும். மதில் வந்த பிறகு அந்தக் குரலும் போய்விட்டது.

எதிர்முறுக்கு

கயிறு ஏன் கயிறாக நிற்கிறது? பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. அம்மம்மா சொல்லாமலேயே காட்டினார்.

இரண்டு கற்றை நாரை எடுத்துத் தொடையில் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்வார். உள்ளங்கையால் முன்னோக்கி ஓர் உருட்டு. இரண்டு கற்றையும் தனித்தனியே முறுக்கேறும். கை முழங்காலுக்கு வந்ததும் இரண்டையும் ஒட்டவைத்துப் பின்னோக்கி ஓர் இழுப்பு. இப்போது அவை ஒன்றையொன்று எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொள்ளும். முன்னே உருட்டியது புரிக்கு, பின்னே இழுத்தது கயிற்றுக்கு. அவ்வளவுதான் வித்தை.

முறுக்கேறிய புரி ஒவ்வொன்றும் பிரிந்து பழைய நிலைக்குப் போகத் துடிக்கும். அது பிரியப் பார்க்கும் திசை எதுவோ அந்தத் திசையில்தான் இரண்டு புரியும் ஒன்றையொன்று சுற்றியிருக்கின்றன. ஆகவே அது பிரிய முயலும்போதெல்லாம் அடுத்த புரியை இன்னும் இறுக்கும். அடுத்தது இதை இறுக்கும். முடிச்சு இல்லை, பசை இல்லை. அவிழ்ந்துவிடப் பார்க்கும் ஆசையே கயிற்றை அவிழாமல் வைத்திருக்கிறது. பாரம் இழுக்க இழுக்க இழைகள் ஒன்றையொன்று நெருக்கி உரசிக்கொள்ளும். வழுக்கிக்கொண்டு போக இடம் இராது. முழ நீளம்கூட இல்லாத நாரிலிருந்து நூறு முழக் கயிறு வருவது இந்த உரசலால்தான்.

நார் முடியும் இடத்தில் புது நாரை ஒட்டுவதில்தான் கை தெரியும். இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் ஒட்டு விழக்கூடாது. ஒன்றில் இங்கே என்றால் மற்றதில் ஒரு சாண் தள்ளி. ஒட்டும் நாரின் முனையைச் சீவி மெலிதாக்கிக்கொள்ளவேண்டும்; இல்லாவிட்டால் கயிறு அந்த இடத்தில் புடைக்கும். புடைத்த இடம் கப்பியில் தேயும். தேய்ந்த இடம் ஒருநாள் அறும்.

2020-இல் பிரான்சின் அப்ரி டு மராஸ் குகையிலிருந்து கிடைத்த ஒரு கல்லாயுதத்தில் ஒட்டியிருந்த நூல் துணுக்கைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். நகத்தளவுகூட நீளமில்லை. நியண்டர்தால் மனிதர் திரித்தது. வயது 40,000 ஆண்டுக்கு மேல். மரப்பட்டையின் உள்நாரால் ஆனது. மூன்று புரி. புரிகள் ஒரு பக்கம், கயிறு எதிர்ப்பக்கம். நம் இனமே அல்லாத ஒரு மனித இனம், நம் அம்மம்மா தொடையில் செய்ததையே செய்திருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

இத்தனை நேர்மையான ஒரு வேலையைத் தமிழ் எப்படியோ பொய்யோடு சேர்த்துவிட்டது. கதை கட்டுகிறவனைப் பார்த்துக் 'கயிறு திரிக்கிறான்' என்கிறோம். கயிற்றில் பொய் சொல்ல முடியாது. பாரத்தைக் கட்டித் தொங்கவிட்டால் உண்மை தெரிந்துவிடும். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்ற பழமொழிதான் கயிறு அறிந்தவர் சொன்னது. பேசாலைக் கரையிலும் வங்காலைக் கரையிலும் மணலைப் பிடித்துக்கொண்டு ஊதாப் பூப் பூத்துக் கிடக்கும் அதே கொடி. ஒற்றைக் கொடியைச் சிறு பிள்ளை பிய்த்துவிடும். பத்தைச் சேர்த்து முறுக்கினால் இழுவைக்கு நிற்கும்.

எருக்கு என்னும் வலியன்

தீவின் நடுவே இருக்கும் எருக்கலம்பிட்டியின் பெயரிலேயே எருக்கலை இருக்கிறது. எருக்கை நம்மவர் மதிப்பதில்லை. பாழ்நிலத்துச் செடி. ஒரு குடும்பம் அழியவேண்டும் என்று சபிப்பவர் 'உன் வீட்டில் எருக்கு முளைக்க' என்பார். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டியும் வெறுமையானது. தலைமுறை ஒன்று புத்தளத்து முகாம்களில் வளர்ந்தது. ஆளில்லாத வளவுகளை அந்த ஆண்டுகளில் எது பிடித்துக்கொண்டிருக்கும் என்பதை இந்தக் கரையில் பிறந்த எவரும் அறிவார்.

அந்தச் செடியின் பட்டைக்குள் இருப்பது வெண்பட்டுப் போன்ற நார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தாவரவியலாளர் ரொபேட் வைட் நம் நாட்டு நார்களில் கயிறு செய்து, அறும் வரை பாரம் தொங்கவிட்டுப் பார்த்தார். 1855-இல் வெளிவந்த ஃபோர்ப்ஸ் ரொயிலின் இந்திய நார்ச்செடிகள் பற்றிய நூலில் அந்தக் கணக்கு இருக்கிறது. தென்னந்தும்பு 224 இறாத்தலில் அறுந்தது. மரல் 316. பருத்தி 346. சணல் 407. எருக்கு 552 இறாத்தல் வரை நின்றது. பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது நாம் சாபத்துக்கு வைத்திருக்கும் செடி.

எருக்கு நாரைத் தண்ணீரில் ஊறப்போடக்கூடாது, ஊறினால் கெடும். நேரான தண்டுகளை வெட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் வாட்டவேண்டும். பால் வற்றி, தண்டு சுருங்கும். பிறகு தட்டினால் பட்டை கழலும். பட்டையின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் நாரை விரலால் பிரித்துப் பிரித்து எடுக்கவேண்டும். ஒரு தண்டுக்குக் கிடைப்பது ஒரு சிட்டிகை. பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம். வேலை முடியும் வரை முகத்தில் கை வைக்கக்கூடாது. தூண்டில் நூலுக்கும் வலைக்கும் வில்நாணுக்கும் இதைப் பயன்படுத்தியவர்கள் பொறுமைக்காரர்கள்.

மரலும் இந்தக் கரையின் செடிதான். சப்பாத்திக்கும் ஈச்சைக்கும் இடையில் வாள் போல நிமிர்ந்து நிற்கும், குறுக்கே வெளிறிய வரி ஓடும். இன்றைக்கு நகரத்து வீடுகளில் பூச்சட்டியில் அழகுக்கு வளர்க்கும் செடியின் உறவு. பலகையில் இலையைப் பரப்பி, கூரில்லாத மரத்துண்டாலோ சிரட்டை விளிம்பாலோ வழித்தால் பச்சைச் சதை போய்விடும்; நீண்ட வெள்ளை இழை மிஞ்சும். உள்ளங்கையில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும்.

கடல் கேட்டது வேறு

பட்டியலில் கடைசியில் நின்ற தென்னந்தும்பே கடலை ஆண்டது. இது ஏன் என்று யோசிக்காமல் கயிற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

எருக்கும் சணலும் வலியவை. ஆனால் நனைந்து நனைந்து காய்ந்தால் உளுத்துப்போகும். சணல் வலைக்கும் பருத்தி வலைக்கும் பட்டைச் சாறும் பனிச்சங்காய்ச் சாறும் ஏற்றி ஏற்றி ஆயுள் கூட்டினார்கள். தென்னந்தும்பில் மரத்தன்மை அதிகம். உப்புநீர் அதை எளிதில் கரைக்காது. உப்புநீரில்தான் அது பிறக்கிறது என்றே சொல்லலாம்: பச்சை மட்டையைக் களப்பு நீரில் புதைத்து மாதக்கணக்கில் ஊறவிட்டு, கறுத்து நாறும் பருவத்தில் எடுத்துத் தடியால் அடித்துத்தான் தும்பைப் பிரிப்பார்கள். இன்னொன்று, தும்பு நீளும். அலை தோணியை வெடுக்கென்று இழுக்கும்போது சற்று விட்டுக்கொடுத்து மறுபடி சுருங்கும். நங்கூரக் கயிறு விறைப்பாக நின்றால் ஏதோ ஒன்று பிய்ந்துகொண்டு வரும்.

1344-இல் மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா, யாழ்ப்பாண மன்னன் ஆரியச் சக்கரவர்த்தியிடம் முத்துக்களைக் கண்டார். தென்னந்தும்புக் கயிற்றைப் பற்றியும் தன் பயண நூலில் எழுதினார். ஏமனிலும் இந்தியாவிலும் கப்பல் பலகைகளை அதனால்தான் தைக்கிறார்கள் என்றும், ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், தைத்த கப்பல் நெகிழ்ந்து கொடுக்கும் என்றும் அவர் சொல்லும் காரணம் கரையில் நிற்பவர் சொல்வது போலவே இருக்கிறது. திருக்கேதீச்சரத்தின் பக்கத்தில் மணல்மேடாய்க் கிடக்கும் மாந்தைத் துறைக்கு மேற்கிலிருந்து வந்த கப்பல்கள் அப்படித் தைத்தவைதான். அந்த முறையிலேயே ஓமானில் ஒரு கப்பலைக் கட்டி, மஸ்கட்டின் மாணிக்கம் என்று பெயரிட்டு, 2010-இல் சிங்கப்பூர் வரை ஓட்டினார்கள். வழியில் காலித் துறைமுகத்தில் தங்கியது. ஒரு பலகையிலும் ஆணி இல்லை. தென்னங்கயிற்றுத் தையல்.

நம் கட்டுமரம் அதைவிட எளிது. மரங்களைச் சேர்த்துக் கட்டியதால் கட்டுமரம். கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரத்தைத் தனித்தனியே காயவிடுவார்கள். அடுத்த நாள் மறுபடி கட்டுவார்கள். அந்தக் கட்டைத் தினமும் கட்டத் தெரிந்தவர்தான் கடலுக்குப் போகமுடியும். ஆங்கிலம் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு இரட்டை உடல் படகுக்கெல்லாம் வைத்துவிட்டது. தென்னங்கயிற்றுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் கொயர் என்ற பெயரும் நம் கயிறு என்ற சொல்லின் வழி வந்ததுதான். மலையாளத்துக் கயர் கொடுத்த உரு.

கரைவலைக்குத்தான் கயிறு மலைமலையாகத் தேவைப்பட்டது. சிலாவத்துறை, முள்ளிக்குளம் பக்கத்துப் பாடுகளில் தோணி ஒரு கயிற்று முனையைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் அரைவட்டம் போட்டு, மறுமுனையோடு கரைக்கு வரும். இருபக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று மணி நேரக் கணக்கில் இழுப்பார்கள். அவ்வளவு நீளக் கயிற்றைத் தொடையில் உருட்டித் திரிக்க முடியாது. வெளியில் கொழுக்கி சுழலும் சக்கரத்தை நட்டு, மூன்று புரியை எட்ட இழுத்துப் பிடித்து முறுக்கேற்றி, மூன்று பள்ளம் வெட்டிய கூம்புக் கட்டையை நடுவில் கொடுத்து மெல்ல நடக்கவேண்டும். கட்டை நகர நகர அதன் பின்னால் கயிறு பிறந்துகொண்டு வரும். நடை பிசகினால் முறுக்கு ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளரும். கயிற்றின் நீளம் என்பது நடந்தவரின் நடை நீளம்.

மக்காத கயிறு வந்த பிறகு

1950-களின் கடைசியிலும் 60-களிலும் நைலோன் இந்தக் கரைக்கு வந்தது. அதை வரவேற்ற மீனவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. சணல் வலையைத் தினமும் உலர்த்தவேண்டும், கிழமைக்குக் கிழமை சாறு ஏற்றவேண்டும், மழைக்காலத்தில் உளுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். தென்னங்கயிறு நனைந்தால் கனக்கும், உள்ளங்கையை உரிக்கும். புதுக் கயிறு இலேசு, உளுக்காது, உலர்த்தவேண்டாம். பெண்களின் எத்தனையோ மணி நேரத்தை அது திருப்பிக் கொடுத்தது. இதை மறைத்துவிட்டுப் பழைய கயிற்றின் பெருமை பாடுவது நேர்மையாகாது.

ஆனால் உளுக்காத அந்தக் குணமே வேறொன்றைச் செய்தது. பெருவில் கெஸ்வாசக்கா என்ற இடத்தில் புல்லால் திரித்த கயிற்றுப் பாலம் ஒன்று இருக்கிறது. மலை இடுக்கின் மேல் தொங்கும். ஆண்டுதோறும் ஜூன் மாதம் சுற்றியுள்ள ஊரார் கூடிப் பழையதை ஆற்றில் வெட்டி விட்டுவிட்டுப் புதுப்பாலம் கட்டுகிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ அந்த அறிவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. பல நூறு ஆண்டுகளாக அது நிற்பதற்குக் காரணம் ஆண்டுக்கு ஒருமுறை புல் நைந்துபோவதுதான். நையாவிட்டால் யாரும் மறுபடி திரித்திருக்கமாட்டார்கள். பிள்ளைகள் பார்த்திருக்கமாட்டார்கள்.

மன்னாரில் நடந்தது அதன் மறுபக்கம். மக்கும் கயிறு ஒவ்வொரு ஆண்டும் கையைத் தேடி வந்தது. அம்மம்மாவைத் திண்ணைக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தது. பக்கத்தில் ஒரு பிள்ளையையும் இழுத்து வைத்தது. மக்காத கயிறு கடையில் சுருளாகக் கிடைக்கிறது. ஒருமுறை வாங்கினால் கையை ஆண்டுக்கணக்கில் தேடுவதில்லை. உளுக்காத கயிறு வந்த வீட்டில் கயிற்றறிவு உளுத்துப்போனது.

அறுந்த நைலோன் வலை கடலில் போனால் அங்கேயும் அது வேலையை நிறுத்துவதில்லை. ஆளில்லாமலே மீனைப் பிடிக்கும், ஆமையைச் சுற்றும். மன்னார்க் குடாவின் கடற்புற்களை மேய்ந்து வாழும் ஆவுளியா மூச்சுக்கு மேலே வரவேண்டிய விலங்கு. வலைக்குள் சிக்கினால் மூழ்கிச் சாகும். பழைய தும்புக்கயிறு கடலில் விழுந்தால் சில பருவங்களில் கடலாகவே ஆகிவிடும்.

எல்லா வலையையும் எருக்குக்கு மாற்றுங்கள் என்று சொல்ல வரவில்லை. அது நடக்காது. ஆனால் வேலிக்கு, பந்தலுக்கு, கொடி படர, நண்டுக்கூட்டின் வாயைப் பிணைக்க, கடற்பாசி வளர்ப்பில் நாற்றைக் கட்ட இன்றைக்குப் பிளாஸ்டிக் கயிறு போகும் இடங்களில் பாதிக்குச் சில மாதம் தாங்கும் கயிறே போதும். நண்டுக்கூட்டின் கதவை மக்கும் நூலால் கட்டவேண்டும் என்று அமெரிக்காவின் சில கரைகளில் சட்டமே இருக்கிறது. கூடு கடலில் தொலைந்தாலும் நூல் இற்றுக் கதவு திறக்கும். உள்ளே கிடக்கும் நண்டு வெளியே போகும். உளுத்துப்போவதை ஒரு நற்குணமாகச் சட்டம் எழுதி வைத்த இடம் அது. பாக்குநீரிணையில் நண்டு பிடிக்கும் நமக்கு அந்தச் சட்டமும் வேண்டும், அந்த நூலைத் திரிக்கும் கையும் வேண்டும். இரண்டாவது நம்மிடம் இருந்தது.

பள்ளிமுனை மரத்தடியில்

பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள். 1477-இல் நட்டது என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். அரபு வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். ஒட்டகத்துக்குத் தீனியாக இலையைக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். அதன் அடிமரத்தைச் சுற்றிப் பிள்ளைகள் கைகோத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆபிரிக்காவில் அதே மரத்தின் பட்டையை உரித்துத்தான் கயிறு திரிக்கிறார்கள். உரித்தாலும் சாகாத அரிய மரம் அது. பட்டை மறுபடி வளர்ந்துவிடும். அங்குள்ள மரங்களின் அடியில் ஆளுயரத்துக்கு வடுவாக இருப்பது அந்த உரிப்பின் அடையாளம். உட்பட்டையை அடித்து மென்மையாக்கி, தொடையில் வைத்து, முன்னே ஓர் உருட்டு, பின்னே ஓர் இழுப்பு. கயிறு, கூடை, மீன்வலை, இசைக்கருவியின் நரம்பு எல்லாம் அதில் உண்டு. மரம் கடல் தாண்டி மன்னாருக்கு வந்தது. அதோடு கப்பலில் வந்தவர்களுக்கு அதன் பட்டையை உரிக்கத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பள்ளிமுனை மரத்தில் யாரும் கத்தி வைக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இருப்பதே சில மரங்கள். அதன் அடியில் உட்கார்ந்து பனை நாரைத் திரித்தேன்.

ஒன்பது முழம் வந்தது. வீட்டுக் கிணற்று வாளிக்குப் போட்டேன். மூன்றாம் மாதம் ஒரு புரி அறுந்து, கயிறு ஒற்றைப் புரியில் தொங்கியது. எடுத்துப் பார்த்தால் அறுந்த இடத்தில் இரண்டு புரியின் ஒட்டும் நேருக்கு நேர் விழுந்திருந்தது. அந்த இடம் வரை அவிழ்த்து, நாரை நனைத்து, ஒட்டை ஒரு சாண் தள்ளி வைத்து மறுபடி திரித்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து குந்தியிருந்து பார்த்துவிட்டு, "மாமா, மற்றப் பக்கம் நான் பிடிக்கட்டே?" என்று கேட்டாள். முனையை அவள் கையில் கொடுத்தேன்.